அலுமினியப் படகுக்கு மேல்தளம் அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் உப்பனாற்றிலும் கெடிலத்திலும், புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம் ஆற்றிலும் சுண்ணாம்பாற்றிலும் கொடுவாய்க்கும் செம்பல்லிக்கும் தூண்டில் போடுகிறவர்களில் சிலர், குறுக்கு இருக்கைகள் மட்டுமே உள்ள சிறிய தட்டையடி அலுமினியப் படகை வாங்கி, நின்றுகொண்டு வீசுவதற்கு வசதியாக முன்னும் பின்னும் மேல்தளம் போட்டுக்கொள்ள விரும்புகிறார்கள். அமெரிக்காவில் 'ஜான் படகு' எனப்படும் இவ்வகைப் படகுகளில் இந்த மாற்றம் வெகுநாளாகச் செய்யப்பட்டு வருகிறது. ஆனால் அந்தச் செய்முறைகளில் பெரும்பாலானவை நன்னீர் ஏரிகளை மனத்தில் வைத்து எழுந்தவை. நம் முகத்துவாரங்களிலோ ஆண்டின் பெரும்பகுதி உப்புநீர்தான். கீழே உள்ள விடைகளில் பல அந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

எல்லா அலுமினியப் படகுக்கும் மேல்தளம் போடலாமா?

போடக்கூடாது. முதலில் அளக்க வேண்டியது படகின் நீளத்தை அன்று, அடிப்பகுதியின் அகலத்தை. மேல்விளிம்பில் ஐந்தடி விரிந்திருக்கும் படகு அடியில் மூன்றடியே இருக்கக்கூடும். விற்பவர் சொல்லும் அளவு பெரும்பாலும் மேல்விளிம்பின் அளவாகவே இருக்கும். தட்டையடிப் படகு ஒருபக்கம் சாயாமல் எதிர்த்து நிற்கும் வலிமை, நீளமும் எடையும் மாறாதபோது, அடி அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. நான்கடி அகலமுள்ள படகின் வலிமையை 64 பங்கு என்று கொண்டால், மூன்றடி அகலமுள்ள படகுக்குக் கிடைப்பது 27 பங்குதான். இரண்டுக்கும் பார்வையில் பெரிய வேறுபாடு தெரியாது. ஏறி நிற்கும்போதுதான் தெரியும்.

ஆகவே அடி அகலம் நான்கடிக்குக் குறையாமலும் நீளம் பன்னிரண்டு அடிக்குக் குறையாமலும் உள்ள படகையே உயர்த்திய மேல்தளத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எமது கருத்து. அடி மூன்றடியே உள்ள படகில் தாழ்ந்த நடைத்தளம் ஒன்றைப் போட்டு, உட்கார்ந்து மீன்பிடிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய படகு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையில் பைபர் படகுகளே பெருகிவிட்டன. அலுமினியப் படகு பெரும்பாலும் கைமாறியோ ஏலத்திலோ வருகிறது. அதனால் அதன் கடந்தகாலம் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. படகை இரண்டு மரத்தாங்கிகள் மீது நிமிர்த்தி வைத்து, உள்ளே நான்கு விரற்கடை உயரத்துக்கு நன்னீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, அடியில் படுத்துக் கையால் தடவிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. தாங்கிகள் உறுதியாக இருக்க வேண்டும். அந்த நீரே சில நூறு கிலோ எடை இருக்கும். கசியும் ரிவிட்டுகளை அடியிலிருந்து வண்ணப் பேனாவால் குறித்துக்கொள்ளலாம். பென்சிலால் குறிக்க வேண்டாம். பென்சிலின் கரிப்பொருள் அலுமினியத்தில் படிந்து உப்பு ஈரமும் சேர்ந்தால், அந்தக் கோட்டின் வழியாகவே அரிப்பு தொடங்கும்.

தளர்ந்த ரிவிட்டை உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, வெளியே ஒருவர் சுத்தியலால் தட்டி இறுக்கலாம். இறுகாதவற்றைத் துளைத்து எடுத்துவிட்டு, முனை மூடிய அலுமினிய ரிவிட்டை நீர் கசியாமல் அடைக்கும் பசையோடு சேர்த்து அடிக்க வேண்டும். இதையெல்லாம் தளம் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தளம் ஏறிய பிறகு அடித்தகட்டைக் கை எட்டாது.

இயந்திரம் மாட்டும் பின்பலகையின் உள்ளே மரம் இருக்கும். ஒரு மெல்லிய திருகாணியை அதில் இறக்கிப் பார்த்தால், மரம் நல்லதா, ஊறிப் புட்டாகிவிட்டதா என்பது திருகும் கைக்கே தெரிந்துவிடும்.

குறுக்கு இருக்கைகளை வெட்டி எடுத்துவிடலாமா? இடம் நிறையக் கிடைக்குமே?

இந்தக் கேள்விக்கே மிகவும் நிதானித்து விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இருக்கைகள் உட்காருவதற்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. மெல்லிய தகட்டாலான இரு பக்கச் சுவர்களும் உள்நோக்கி ஒடுங்காமலும் வெளிநோக்கி விரியாமலும் பிடித்து வைத்திருப்பவை அவைதாம். தவிர, படகு நீரால் நிரம்பினாலும் முழுகிவிடாதபடி காக்கும் மிதவை நுரை பெரும்பாலும் அவற்றின் உள்ளேதான் அடைக்கப்பட்டிருக்கும். இருக்கையை வெட்டி எறிபவர் படகின் விலாவெலும்பையும் உயிர்க்காப்பையும் ஒரே வீச்சில் எறிகிறார்.

பாதுகாப்பான வழி, முன்னிருக்கையையும் பின்னிருக்கையையும் அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் மேற்பரப்பையே தாங்குதளமாகக் கொண்டு மேல்தளத்தை அமைப்பதாகும். தளத்தின் உயரமும் அப்போது இருக்கையின் உயரத்தைத் தாண்டாது. நடு இருக்கையை எடுத்தே தீர வேண்டும் என்றால், அதற்கு முன்பாக அவ்விடத்தில் தரையோடும் இரு சுவர்களோடும் இணைந்த குறுக்குச் சட்டங்களைப் பொருத்திவிட வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நூல் கட்டி அகலத்தைக் குறித்துக்கொண்டு, வெட்டியபின் மீண்டும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் விரிந்திருந்தாலும் சட்டம் போதவில்லை என்று பொருள். எடுத்த நுரையின் கன அளவையும் குறித்து வைத்து, அதற்குக் குறையாத நுரையை வேறிடத்தில் திரும்ப வைக்க வேண்டும்.

மேல்தளத்தால் எவ்வளவு எடை கூடும்? படகு தாழ்ந்துவிடாதா?

பதினான்கு அடிப் படகில் முன்தளம், பின்தளம், நடுவே நடைத்தளம் என மூன்றும் சேர்ந்து நான்கரை சதுர மீட்டர் வரும் என்று கொள்வோம். 12 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ எடையுள்ளது. ஆகவே பலகை மட்டும் சுமார் 35 கிலோ. அலுமினியச் சட்டம், பூச்சு, மூடிகள், ஒரு பேட்டரி ஆகியவற்றையும் சேர்த்தால் 80 கிலோவை எட்டும்.

நீரில் படியும் பகுதி 3.6 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் இருக்குமானால், அப்படகை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த ஏறக்குறைய 43 கிலோ வேண்டும். அதாவது 80 கிலோவால் படகு இரண்டு சென்டிமீட்டர்கூட இறங்காது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, படகின் தாங்குதிறன் தகட்டில் குறித்த எடையிலிருந்து இந்த 80 கிலோவைக் கழித்தாக வேண்டும். அதாவது ஓர் ஆளை இனிக் கரையிலேயே விட வேண்டும். இரண்டாவது, எடையைவிட முக்கியமானது உயரம். நிற்கும் மனிதரின் எடைமையம் அவர் பாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. அவரை முப்பது சென்டிமீட்டர் உயர்த்தி நிறுத்தினால் அம்மையமும் அவ்வளவு உயரும். பெரிய மீன் இழுக்கும் நேரத்தில் அவர் ஒரு பக்க விளிம்புக்கு ஓடுவார், வலையோடு இன்னொருவரும் அதே பக்கம் ஓடுவார். படகு சோதிக்கப்படுவது அந்தக் கணத்தில்தான். எனவே தளத்தை எவ்வளவு தாழ்வாக அமைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக அமையுங்கள். மேல்விளிம்புக்குச் சமமாக அமைப்பது ஒருபோதும் வேண்டாம்.

சட்டத்தை எதனால், எப்படி அமைப்பது?

ஜன்னல், கதவு செய்யும் அலுமினியக் கடைகளில் கிடைக்கும் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் சுவர்த்தடிமன் உடையது, போதுமானது. அது மீட்டருக்கு அரைக்கிலோதான் இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனை வாங்க வேண்டாம். பன்னிரண்டு மில்லிமீட்டர் பலகைக்குக் கீழே நாற்பது சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குச் சட்டம் என்ற இடைவெளி, கால் வைத்தால் தொய்யாமல் தாங்கும்.

சட்டத்தைப் படகின் விலாச் சட்டங்களோடும் இருக்கைகளோடும் இணையுங்கள். நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள வெளித்தகட்டில் ஒரு துளைகூடப் போடாதீர்கள். ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறை அருகில் இருந்தாலும், ரிவிட் அடித்துக் கட்டிய மெல்லிய படகில் வெல்டிங் செய்வதை நாம் பரிந்துரைப்பதில்லை. பற்றவைத்த இடத்தைச் சுற்றி அலுமினியம் தன் வலுவில் ஒரு பகுதியை இழக்கிறது. அருகிலுள்ள ரிவிட்டுகளின் பசையும் வெப்பத்தில் கெடுகிறது. சட்டத்தைத் தனியே வெளியில் பற்றவைத்து எடுத்துவந்து ரிவிட்டால் பொருத்துவதில் தடையில்லை.

பலகை போடுவதா, அலுமினியத் தகடு போடுவதா?

எடையைப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 8 கிலோவுக்குச் சற்று மேல். 12 மில்லிமீட்டர் பலகையும் ஏறத்தாழ அவ்வளவே. தகடு ஊறாது, மட்காது. ஆனால் விலை கூடுதல், சித்திரை வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது, ஒரு பொருள் விழுந்தால் எழும் ஓசை மீனை விரட்டிவிடும்.

பலகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை வாங்குங்கள் என்று கடைக்காரர் சொல்வது சரிதான். அதன் ஒட்டுப்பசை கொதிநீரையும் தாங்கும். ஆனால் பூஞ்சையும் கரையானும் அண்டாமல் இருக்க இவ்வகைப் பலகைகளில் செம்பு கலந்த காப்புமருந்து ஏற்றப்பட்டிருக்கலாம். அந்தச் செம்பு உப்பு ஈரத்தோடு கசிந்து அலுமினியத்தைத் தொட்டால், தொட்ட இடமெல்லாம் வெண்பொடி பூத்து, நாளடைவில் ஊசித்துளைகள் விழும். அதனால் பலகையின் இரு முகங்களையும், குறிப்பாக அறுத்த ஓரங்களையும் திருகாணித் துளைகளின் உட்சுவரையும், எபாக்சி ரெசினால் இரண்டு மூன்று முறை பூசி அடைத்துவிட வேண்டும். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் நாடா ஒன்றையும் ஒட்ட வேண்டும்.

ரெசின் என்றதும் பைபர் படகுப் பட்டறையில் எளிதாகக் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசினை வாங்கிவிடுகிறார்கள். அது பைபர் படகுக்கு உகந்தது. அலுமினியத்திலும் எண்ணெய்ப்பசையுள்ள மரத்திலும் நிலைத்து ஒட்டாது. விலை கூடுதலானாலும் எபாக்சியே வாங்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் திருகாணி துருப்பிடிக்காதே, அதைத் தயங்காமல் பயன்படுத்தலாமா?

அது துருப்பிடிக்காது, அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் அரிக்கப்படும். இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் கரைந்துபோவது அலுமினியம். பித்தளையும் செம்பும் இதில் மிகக் கொடியவை. இரண்டு மூன்று மாதம் உப்பனாற்றில் ஓடிய படகில் பித்தளைக் கொக்கி ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், அதன் கீழே தகடு ஈர உப்பைப் போல வெளுத்துப் பொரிந்து, நகத்தால் சுரண்டினாலே உதிரும் நிலையில் இருப்பதைக் காணலாம்.

அலுமினியத்தோடு அலுமினியம் சேருமிடத்தில் அலுமினிய ரிவிட்டைப் பயன்படுத்துங்கள். கழற்ற வேண்டிய இடங்களில் மட்டும் 316 தரத்து ஸ்டெயின்லெஸ் திருகாணியை நைலான் வாஷரோடும், மரையில் அரிப்புத் தடுப்புப் பசையோடும் போடுங்கள். 304 தரம் சமையலறைக்குப் போதும், முகத்துவாரத்துக்குப் போதாது. முடிந்தபின் அடியில் படகுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டு அதைக் காக்கும் தியாக உலோகத் தகடு ஒன்றைப் பொருத்துவது நல்லது; உப்பும் நன்னீரும் கலந்த நம் ஆறுகளுக்கு அலுமினியக் கலவையாலான தகடு ஏற்றது.

மிதவை நுரை எவ்வளவு வைக்க வேண்டும்? தெர்மாகோல் போதுமா?

அலுமினியம் நீரைவிட 2.7 மடங்கு கனமானது. ஆகவே மூழ்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய 63 விழுக்காட்டை நுரை தாங்க வேண்டும். 90 கிலோ படகுக்கு 57 கிலோ, 40 கிலோ இயந்திரத்துக்குச் சுமார் 30 கிலோ, பேட்டரிக்கு 15 கிலோ என்று வைத்தால் நூறு கிலோவைத் தாண்டுகிறது. நல்ல நுரை லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். நீரில் விழுந்தவர்கள் படகைப் பற்றிக்கொண்டு மிதப்பதற்கும் சேர்த்து 150 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். இரண்டு அங்குலத் தடிமனில் நான்கடிக்கு இரண்டடி அளவுள்ள நுரைப்பலகை நான்கு வாங்கினால் இந்த அளவு வந்துவிடும்.

மீன்பெட்டிக்குப் பயன்படும் வெள்ளைத் தெர்மாகோல் வேண்டாம். பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும். நாட்பட நீரையும் உறிஞ்சும். கட்டட வெப்பத்தடுப்புக்கு விற்கும் அடர்ந்த நுரைப்பலகை நீரை உறிஞ்சாது என்றாலும் அதையும் பெட்ரோலுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றிப் பொங்கவைக்கும் நுரையைத் தளத்துக்கு அடியில் நிரப்பும் வழக்கம் அமெரிக்கச் செய்முறைகளில் காணப்படுகிறது. உப்புநீருக்கு அது உகந்ததன்று. நுரைக்கும் தகட்டுக்கும் இடையே புகும் உப்பு ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, காற்றுப்படாத இடத்தில் அலுமினியத்தை மறைவாக அரிக்கும். நுரையைப் பலகைகளாக அறுத்து, தகட்டிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டுப் பட்டையால் கட்டுங்கள்; வேண்டும்போது எடுத்துக் கழுவவும் முடியும். அதில் பெரும்பகுதி தரைக்கு அடியில் இருக்கக் கூடாது. இரு பக்கச் சுவர்களை ஒட்டி மேலே இருக்க வேண்டும். எல்லாம் அடியில் இருந்தால் நீர் நிரம்பிய படகு கவிழ்ந்துதான் மிதக்கும்.

தளத்தின் மேல் விழும் நீர் தானே வெளியேறும்படி செய்யலாமா?

சிறு படகில் வேண்டாம். அதற்குத் தளம் நீர்மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும்; அப்படி உயர்த்தினால் மேலே சொன்ன நிலைத்தன்மைச் சிக்கல் வரும். நீர் உள்ளே இறங்கிப் பின்பக்கம் சேரட்டும். அங்கிருந்து பம்ப் வெளியேற்றட்டும். கையால் இறைக்க ஒரு வாளியும் இருக்கட்டும்.

பேட்டரி, வயரிங் குறித்து?

முன்பக்கம் மாட்டும் சிறு மின்மோட்டார், 55 பவுண்டு உந்துவிசை உடையது, முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயர் வேண்டும்; வெள்ளீயம் பூசிய இழைகள் கிடைத்தால் நல்லது. மின்னுருகியை (ஃபியூஸ்) பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். பைக்கில் செய்வதுபோல எதிர்முனையைப் படகின் உடலோடு இணைப்பது மாபெரும் தவறு. படகே மின்சுற்றாகி விரைவில் அரிக்கப்படும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வயர்கள் தனித்தனியே பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும்.

100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி 25 கிலோவுக்கு மேல் இருக்கும். அதே அளவு லித்தியம் பேட்டரி அதில் பாதிகூட இராது. பின்னால் இயந்திரமும் ஆளும் இருப்பதால் பேட்டரியை நடுவிலோ சற்று முன்னோ, தரையோடு பட்டை போட்டுக் கட்டி வையுங்கள்.

பெட்ரோல் தொட்டியைத் தளத்துக்கு அடியில் மறைத்து வைக்கலாமா?

கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தேங்கி, பம்பின் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். தொட்டி திறந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மேற்பரப்புக்குக் கம்பளம் ஒட்டலாமா?

நம் வெயிலுக்கும் உப்புக்கும் கம்பளம் ஒத்துவராது. அது உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பலகையை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும், நாற்றமும் எடுக்கும். சலித்த மெல்லிய மணலை எபாக்சிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது தூவி, மேலே வெளிர்சாம்பல் நிறம் அடிப்பதே மலிவும் சிறப்புமானது. கண்கூசும் என்பதால் தூய வெள்ளையைத் தவிர்க்கலாம்.

அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க என்ன பூசுவது?

செம்பு கலந்த பூச்சுகளை அலுமினியத்தில் பூசவே கூடாது. அன்றாடம் கரையேற்றிக் கழுவும் படகுக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை.

இதை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகலாமா?

முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டாம். தாழங்குடாவில் பெண்ணையாறு கடலோடு சேருமிடத்தைப் போன்ற மணல்திட்டுகளில் அலை உடைவதைக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது; தாழ்ந்த விளிம்பும் தட்டையடியும் உள்ள படகு அங்கே ஒரே அலையில் நிரம்பிவிடும். ஆற்றிலும் ஓதம் இறங்கும்போது நீர் வெளிநோக்கி இழுக்கும். இயந்திரம் நின்றுபோனால் பயன்படுவதற்கு நங்கூரமும் துடுப்பும் எப்போதும் எடுத்த எடுப்பில் கிடைக்க வேண்டும்.

இயந்திரம் பொருத்திய கலங்களுக்கு உள்நாட்டு நீர்வழிகளில் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டமும், தமிழகக் கடற்பகுதியில் மீன்பிடிக்க 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டமும் உள்ளன. இயந்திரம் வாங்குவதற்கு முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் பதிவைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் அங்கே சொந்தப் படகை இறக்க எண்ண வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்க, நீங்கள் படகை இறக்கும் துறை ஏதேனும் ஒரு மீனவ ஊருக்கு உரியதாக இருக்கும். ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறக்குவதே முறை. எந்த இடத்தில் வலை கட்டியிருக்கிறது, எங்கே கல் கிடக்கிறது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மழைக்காலத்தில் படகை எப்படி வைத்திருப்பது?

தளம் இல்லாத படகை இரண்டு பேர் சேர்ந்து கவிழ்த்துப் போட்டுவிடலாம். தளம் போட்ட பிறகு அது இயலாது. வடகிழக்குப் பருவமழை வரும் ஐப்பசி முதல் மார்கழி வரை இது பெரும் சிக்கல். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நான்கு சதுர மீட்டர் பரப்புள்ள படகில் அது 1,600 லிட்டர், அதாவது ஒன்றரை டன்னுக்கு மேல். அதைத் தாங்குமாறு எந்தத் தளமும் சட்டமும் அமைக்கப்படுவதில்லை. முன்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, பின்பக்க வடிகால் அடைப்பானைக் கழற்றி வைத்து, மூடிகளைக் கழற்றிக் காற்றோட்டம் விட்டு, 2011 டிசம்பரில் 'தானே' புயல் இக்கரையைத் தாக்கியதை மறவாமல், இரண்டு பக்கமும் கயிற்றால் தரையோடு கட்டிவிடுங்கள். கழற்றிய அடைப்பானைச் சாவிக்கொத்தோடு கோத்து வைத்தால், அடுத்த முறை இறக்கும்போது தேட வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் முதன்முறை எப்படிச் சோதிப்பது?

காற்றில்லாத காலையில், இடுப்பளவு நீருள்ள இடத்தில், இயந்திரத்தையும் பேட்டரியையும் மாட்டாமல், அவற்றின் எடைக்கு மணல் மூட்டைகளை அதே இடத்தில் கட்டிவைத்து இறக்குங்கள். ஒருவர் மேல்தளத்தில் நின்று மெல்ல ஓரத்துக்கு நகர, மற்றவர் நீரில் நின்று விளிம்புக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். இருவரும் ஒரே ஓரத்தில் நின்றாலும் ஒரு சாண் மிச்சமிருந்தால் நன்று. நான்கு விரற்கடைக்குக் குறைந்தால் தளத்தைத் தாழ்த்தியாக வேண்டும், வேறு மாற்று இல்லை.

அதன்பின் வாளியால் நீரை மொண்டு ஊற்றிப் படகை முழுவதும் நிரப்புங்கள். அது நிமிர்ந்தபடி, விளிம்பு தெரிய மிதக்கிறதா, ஒரு பக்கம் சரிகிறதா, இயந்திரப் பக்கம் அமிழ்கிறதா என்று பார்த்து, நுரையை அதற்கேற்ப இடம் மாற்றுங்கள். இது நடந்து முடிந்த பிறகே தூண்டில் கோல் மாட்டும் குழாய்களையும் மீன்தொட்டியையும் பொருத்தத் தொடங்க வேண்டும். முன்பே பொருத்தினால் நுரையை நகர்த்த இடமிருக்காது.